சொகுசுக் கார் யாருக்குச் சொகுசு?

"சின்ன யப்பான் கார் ஒன்றின் காசுக்குப் பழைய பென்ஸ் கிடைக்கும்போது, சின்னக் காரை வாங்குபவன் விபரம் தெரியாதவன்" என்ற பேச்சு இன்று வவுனியாவிலே பரவலாகக் கேட்கிறது. ஆசிரியர் ஓய்வறைகளிலே கேட்கிறது. வங்கி வாசலிலே கேட்கிறது. கல்யாணம் பேசும் விறாந்தைகளிலும் கேட்கிறது. இதனைக் கூறுவோர் பெருஞ்செல்வர் அல்லர். மாதச் சம்பளத்தை நம்பி வாழும் ஆசிரியர், எழுதுவினைஞர், சிறு ஒப்பந்தகாரர், பசார் வீதியிலே சிறு கடை நடத்துவோர் ஆகிய நம்மவர்களே கூறுகின்றனர். ஆதலால் இதனைச் சீமான்களின் விளையாட்டென்று ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை.

இப்பேச்சிலே பாதி உண்மை உண்டு. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய ஜேர்மன் சொகுசுக் கார் ஒன்றும், அதைவிட வயது குறைந்த சிறிய யப்பானியக் கார் ஒன்றும் ஏறத்தாழ ஒரே விலைக்குப் பேசப்படுவதை நாமும் கண்டிருக்கின்றோம். ஆனால் விலையைச் சொல்லிச் செலவை மறைக்கும் பேச்சு குடும்பங்களைக் கவிழ்க்கும் பேச்சாகும். விலை ஒருமுறை கொடுபடுவது. செலவோ வண்டி முற்றத்திலே நிற்கும் காலம் முழுவதும் கொடுபடுவது. ஓடினாலும் கொடுக்கவேண்டும், ஓடாமல் நின்றாலும் கொடுக்கவேண்டும்.

எமது கட்சி இதுதான். பழைய சொகுசுக் காரின் விலை விழுந்திருப்பது வாங்குபவனுக்குக் கிடைத்த சலுகை ஆகாது. முதல் உரிமையாளன் தாங்க விரும்பாத பழுதுச் செலவை, அதனைத் தாங்கும் வலுவற்ற இரண்டாம், மூன்றாம் உரிமையாளனின் தலையிலே இறக்கி வைப்பதற்குக் கொடுக்கப்படும் கூலியே அந்த விலைக்குறைப்பு. இதனைக் கணக்குக் காட்டி நிறுவுவதே நமது நோக்கம்.

முதலில் அந்த வண்டி எவ்வழியாக நம்மிடம் வந்து சேர்கிறது என்பதைப் பார்ப்போம். இலங்கையிலே சொகுசுக் கார்களைப் புதிதாக இறக்கியோர் பெரும்பாலும் மூன்று வகையினர்: பெருங் கம்பனிகள், பெருவணிகர், தீர்வைச் சலுகைப் பெர்மிட் பெற்றவர்கள். பாராளுமன்ற உறுப்பினர்களும் உயர் உத்தியோகத்தரும் பெற்ற பெர்மிட்டுகள் எவ்வாறு பெருந்தொகைக்குக் கைமாறின என்பது நாடறிந்த கதை. பொதுமக்களின் திறைசேரிக்கு வரவேண்டிய தீர்வையை விட்டுக்கொடுத்தே அவ்வண்டிகள் பல துறைமுகத்தைத் தாண்டின. உற்பத்தியாளனின் உத்தரவாதம் நிலவும் காலமெல்லாம் முதல் உரிமையாளன் அதில் ஏறி உலாவினான். உத்தரவாதம் முடிந்து, பெரும் பழுதுகள் தலைகாட்டும் வேளையிலே விற்றுவிட்டான். அடுத்தவன் சில ஆண்டுகள் வைத்திருந்து, முதல் பெரிய பழுதுக் கணக்கைக் கண்டதும் அவனும் விற்றான். இவ்வாறு கொழும்பு ஏழிலே புதிதாக நின்ற வண்டி, பின்னர் புறநகர் விற்பனை முற்றங்களிலே நின்று, ஈற்றில் தாண்டிக்குளத்துக்கோ குருமன்காட்டுக்கோ வந்து சேர்கிறது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்தாண்டுக் காலத்திலே சிறிய யப்பானியக் கார்களின் விலை மலைபோல் ஏறிற்று. அவற்றை யாரும் ஓட்டலாம், எந்தக் கராஜிலும் திருத்தலாம், நாளைக்கே விற்கலாம். ஆதலால் அவற்றைத் தேடுவோர் அதிகம். பழைய சொகுசுக் காரைத் தேடுவோர் அவ்வளவு இல்லை. ஏன் இல்லை? ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் அதன் செலவை அறிவார்கள். சந்தையின் விலையிலேயே அந்த அறிவு அடங்கிக் கிடக்கிறது. அறியாதவனுக்குத்தான் அது மலிவாகத் தோன்றுகிறது.

இனிக் கணக்கைப் பார்ப்போம்.

புதிதாக 2 கோடி ரூபா விலைபெற்ற வண்டி ஒன்று இன்று 50 இலட்சத்துக்குக் கிடைக்கிறதென்று வைத்துக்கொள்வோம். வாங்குபவன் தன்னை 50 இலட்சக் காரின் சொந்தக்காரன் என்று எண்ணிக்கொள்கிறான். கியர்ப்பெட்டி அவ்வாறு எண்ணுவதில்லை. அதன் உதிரிப்பாகம் இன்றும் 2 கோடி ரூபா வண்டிக்குரிய உதிரிப்பாகமே. வண்டிக்கு வயது ஏற ஏற அதன் விலை இறங்கும்; உதிரிப்பாகத்தின் விலை இறங்காது; பழுதாகும் தடவைகளோ கூடும். இந்த மூன்று கோடுகளும் ஒன்றையொன்று வெட்டும் இடத்திலேதான் நம்மவர் வாங்குகிறார். விலை மிகக் குறைந்த இடமும் பழுது மிகக் கூடிய இடமும் ஒன்றாகவே இருக்கின்றன.

எரிபொருளை எடுத்துக்கொள்வோம். வவுனியாவிலிருந்து கொழும்பு சுமார் 250 கிலோமீற்றர். போய் வர 500. சிறிய கார் லீற்றருக்கு 16 கிலோமீற்றர் ஓடுமென்றும், ஆறு சிலிண்டர் கொண்ட பழைய சொகுசுக் கார் 8 கிலோமீற்றர் ஓடுமென்றும் கொள்வோம். சிறிய காருக்கு 31 லீற்றர். பெரியதற்கு 62 லீற்றருக்கு மேல். அதுமட்டுமன்று. அத்தகைய எஞ்சின்களிலே பல 95 ஒக்டேன் பெற்றோலைக் கேட்பவை. 2022 ஜூன் இறுதியிலே 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாவுக்கும், 95 ஒக்டேன் 550 ரூபாவுக்கும் விற்றதை நாம் மறக்கவில்லை. அன்றைய விலையிலே ஒருமுறை கொழும்பு போய்வரச் சிறிய காருக்கு ஏறத்தாழ 14,700 ரூபா. சொகுசுக் காருக்கு 34,000 ரூபாவுக்கு மேல். பின்னர் கியூ.ஆர். அட்டை வந்தது, காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து தந்தார்கள். லீற்றருக்கு 8 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு அது 160 கிலோமீற்றர். வவுனியாவிலிருந்து புறப்பட்டால் யாழ்ப்பாணத்தை அடையலாம், திரும்பி வரலாகாது. விலை இனியும் ஏறும், இறங்கும். இரண்டு மடங்கு குடிக்கும் வண்டி எந்த விலையிலும் இரண்டு மடங்கு குடிக்கும்.

அடுத்தது சாதாரணப் பராமரிப்பு. சிறிய காரின் எஞ்சினுக்கு 3 லீற்றர் அளவில் எண்ணெய் போதும். ஆறு சிலிண்டர் எஞ்சின் 6 முதல் 8 லீற்றர் வரை கேட்கும். அதுவும் விலை கூடிய செயற்கை எண்ணெயாக இருத்தல் வேண்டும். மலிவான எண்ணெய் ஊற்றி மிச்சம் பிடிக்க முனைந்தால் எஞ்சின் பழிவாங்கும். ரயர்களோ அகன்றவை, காற்றுப் போனாலும் சிறிது தூரம் ஓடும் தனி வகை ரயர் சில வண்டிகளுக்கு வேண்டும். செட்டிகுளம், நெடுங்கேணிப் பக்கத்துக் கிறவல் பாதைகளிலே ஒரு பள்ளத்தில் விழுந்து பக்கச்சுவர் வெடித்தால், நகரத்து ரயர்க் கடையில் அந்த அளவு கிடைப்பது அரிது. ஒன்றை மட்டும் மாற்றுவதும் நல்லதன்று, சோடியாக மாற்றவேண்டும். பற்றறி மாற்றுவது நமது ஊரிலே கால்மணி நேர வேலை. இவ்வண்டிகள் சிலவற்றிலோ புதிய பற்றறி பூட்டப்பட்டதென்று வண்டியின் கணினிக்கு அறிவிக்கவேண்டும். அதற்குரிய கருவி உள்ளவனைத் தேடிச் செல்லவேண்டும்.

பிறகு வருவன பெரும் பழுதுகள். காற்றுத் தலையணையின் மீது மிதப்பதுபோல் ஓடும் என்று சிறப்பித்துச் சொல்லப்படும் வண்டிகளிலே உண்மையாகவே றப்பர்க் காற்றுப் பைகள் இருக்கின்றன. பத்தாண்டு வெயிலிலே றப்பர் வெடிக்கும், காற்று கசியும், கசிந்த காற்றை ஈடுசெய்ய ஓயாமல் ஓடும் கம்பிரசர் எரியும். ஒருநாள் காலை வண்டி ஒரு பக்கம் படுத்துக் கிடக்கும். எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் செல்லும் வழிகளிலே பிளாஸ்டிக் உறுப்புகள் பல. ஐரோப்பாவின் குளிரைக் காட்டிலும் வன்னியின் ஓகஸ்ட் மாத வெயிலிலே அவை விரைவாக நொறுங்கும். நீர் ஒழுகி எஞ்சின் சூடேறிவிட்டால் தலைப்பகுதி வளையும். சில எஞ்சின்களிலே உட்சங்கிலி பின்புறம் இருப்பதால், அதனை மாற்றுவதற்கு எஞ்சினையே கழற்றி இறக்கவேண்டும். தானியங்கிக் கியர்ப்பெட்டியின் கணினிப் பகுதி பழுதானால் அதன் கணக்கு, காரைப் பிடித்த விலையின் பெரும் பங்கொன்றைக் கேட்கும்.

இவற்றைத் திருத்துவது எங்கே? நமது கராஜ்காரர்களின் கைத்திறனைக் குறைத்து மதிப்பவர் நாமல்லர். ஆனால் அந்த வண்டியின் நோயை அறியும் கணினிக் கருவியும், அதற்குரிய மென்பொருளும், பயிற்சியும் உற்பத்தியாளனின் கையிலே பூட்டப்பட்டுள்ளன. அவை பெரும்பாலும் கொழும்பில்தான் உண்டு. ஆதலால் பழுதான வண்டியை 250 கிலோமீற்றர் லொறியில் ஏற்றி அனுப்பவேண்டும். அங்கே பாகம் இல்லையென்றால் வெளிநாட்டிலிருந்து வரும்வரை காத்திருக்கவேண்டும். காத்திருக்கும் மாதங்களுக்கும் காப்புறுதி உண்டு. ஆண்டு வரிப்பத்திரம் உண்டு. லீசிங் தவணை உண்டு. வண்டிதான் இல்லை.

இச்செலவுகள் அனைத்துக்கும் பின்னால் மற்றொரு எசமான் நிற்கிறான். அவன் பெயர் டொலர். இவ்வண்டியின் ஒரு திருகாணியேனும் இந்நாட்டில் செய்யப்படுவதில்லை. 2022 மார்ச்சில் டொலர் ஒன்றுக்கு 200 ரூபா அளவில் இருந்த மதிப்பு, இரண்டே மாதங்களில் 360 ரூபாவை எட்டிற்று. அந்த ஏப்ரலில் அரசாங்கமே வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாதென்று அறிவித்தது. அன்று சம்பளம் 80 சதவீதம் ஏறிற்றா? ஏறவில்லை. உதிரிப்பாகத்தின் விலையோ டொலரோடு கைகோத்து ஏறிற்று. மாதச் சம்பளக்காரன் ஒருவன் பழைய சொகுசுக் காரை வாங்குவதென்பது, ரூபாவிலே சம்பளம் பெற்றுக்கொண்டு டொலரிலே குடும்பம் நடத்தச் சம்மதிப்பதாகும். ஒரு நாடே தாங்கமாட்டாது விழுந்த பொறியிலே ஒரு வீடு தானாகச் சென்று காலை வைக்கிறது.

அந்தக் காசு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் கணக்கின் மறுபக்கம் தெரியும். முதற் பணத்துக்கு மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போகிறது. மீதிக்கு லீசிங். முதற் பெரும் பழுதுக்குச் சீட்டுக் காசு. இரண்டாம் பழுதுக்குக் காணி உறுதி. தவணை தவறினால் வண்டியைப் பறித்துச் செல்ல ஆட்கள் வருகிறார்கள். பறித்த பின்னரும் மீதிக் கடன் நிற்கிறது. இதனிடையே பிள்ளையின் உயர்தர வகுப்புக்கு வேண்டிய புத்தகமும், தாயின் கண் சத்திரசிகிச்சையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளப்படுகின்றன. சில வீடுகளிலே செலவு இன்னும் தூரத்தில் இருப்பவனின் தோளில் ஏறுகிறது. ரொறன்ரோவிலோ பாரிஸிலோ இரவு வேலை செய்யும் பிள்ளை, பனியிலே பஸ்ஸுக்குக் காத்து நின்று வேலைக்குப் போகிறான். அவன் அனுப்பும் காசில் இங்கே தந்தையாரின் பென்ஸுக்குக் காற்றுப்பை வாங்கப்படுகிறது. ஊர் அந்த வண்டியைக் காண்கிறது. அந்த இரவு வேலையைக் காண்பதில்லை.

கல்யாணச் சந்தை இதனை மேலும் கெடுக்கிறது. சீதனமும் டொனேசனும் போதாவென்று, மாப்பிள்ளையின் தகுதிக்கேற்ற கார் என்ற புதிய கோரிக்கை எழுந்திருக்கிறது. பெண்ணைப் பெற்றவர் கடன்பட்டுப் பழைய சொகுசுக் காரைக் கொடுக்கிறார். கார் வாங்கிய கடன் பெண்ணின் வீட்டிலும், காரை வைத்திருக்கும் கடன் புதுக்குடும்பத்திலுமாக, ஒரே வண்டி இரண்டு வீடுகளை உண்கிறது. படித்த மாப்பிள்ளைமார், அதிலும் முற்போக்கு மேடைகளிலே பெண்விடுதலை பேசும் நமது நண்பர்கள், இக்கோரிக்கையை வாய்திறந்து மறுத்திருக்கிறார்களா என்று கேட்பது நமது கடமை.

அமெரிக்கப் பொருளியலாளரான தோர்ஸ்டைன் வெப்லன், செல்வந்தர் பொருளை அதன் பயனுக்காக மட்டுமன்றிப் பிறர் காண்பதற்காகவும் நுகர்கின்றனர் என்பதை 1899 ஆம் ஆண்டு வெளிவந்த தமது நூலிலே எடுத்துக்காட்டினார். மேல்வர்க்கத்தின் பகட்டு, கீழ்ப்படியில் நிற்போருக்கும் அளவுகோலாகிவிடுகிறது என்றும் அவர் கூறினார். நமது ஊரிலே நாம் காண்பது இந்த இரண்டாம் பாகம். செல்வந்தனின் பகட்டுக்கு அவனிடம் உபரி இருக்கிறது. நமது பகட்டுக்குச் சோற்றுக் காசே முதலாகிறது. அவன் கழித்துவிட்ட பகட்டையே நாம் கடன்பட்டு வாங்குகின்றோம்.

நமக்கு எதிராகக் கூறப்படும் நியாயங்களையும் பார்க்கவேண்டும். அவை மூன்று.

"பழைய வண்டி என்றால் பழுதான வண்டியா? அக்காலத்து ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் இன்றும் ஓடவில்லையா?" என்பது முதலாவது. நல்ல கேள்வி. 1990 முதல் 2002 வரை நீடித்த பொருளாதாரத் தடைக்காலத்திலே, பெற்றோல் காணாத வடபகுதியில் அந்தப் பழைய கார்களே ஓடின. சில துளி பெற்றோலிலே எஞ்சினை எழுப்பி, மண்ணெண்ணெயிலே ஓட்டினார்கள். நோயாளியையும் கர்ப்பிணியையும் சுமந்து அவை ஆஸ்பத்திரிக்குப் போயின. உதிரிப்பாகம் வராதபோது நமது தொழிலாளர்கள் இங்கேயே கடைந்தும் ஒட்டியும் பூட்டினார்கள். மேலைநாட்டிலும் இத்தகைய சான்று உண்டு. கிரேக்க நாட்டு வாடகைக் கார்ச் சாரதி ஒருவர் ஓட்டிய பென்ஸ் 240 டி, எஞ்சின்கள் பல தடவை மாற்றப்பட்டு, 46 இலட்சம் கிலோமீற்றர் ஓடி, 2004 இல் அந்நிறுவனத்தின் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. ஆனால் இவ்வுதாரணங்கள் யாருடைய கட்சியைப் பலப்படுத்துகின்றன? அவை திருத்தக்கூடிய வண்டிகள். திறந்தால் உள்ளே இருப்பது தெரியும். தெரிந்ததைக் கையால் திருத்தலாம். அதனோடு, வாடகைக் கார் தன் செலவைத் தானே உழைத்தது. இன்று நம்மிடம் வரும் சொகுசுக் கார் கணினியால் பூட்டப்பட்டது. உழைக்காமல் முற்றத்தில் நின்று உண்பது. மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் நமது தொழிலாளியின் அறிவுக்குச் சாட்சி. இவ்வண்டியோ அந்த அறிவுக்கு இடமளிக்காதது.

"பெரிய கார் பாதுகாப்பானது" என்பது இரண்டாவது. புதிதாக இருக்கும்போது உண்மை. பலமான உடலும், காற்றுப் பைகளும், சிறந்த பிரேக்கும் உயிரைக் காக்கும். ஏ-9 வீதியிலே மாடு குறுக்கே பாயும் இருட்டில் அதன் அருமை தெரியும். ஆனால் அந்தப் பாதுகாப்பும் பராமரிப்பைப் பொறுத்ததே. தேய்ந்த பிரேக்கை மாற்றக் காசில்லாமல் இன்னும் ஒரு மாதம் ஓட்டுவதும், எச்சரிக்கை விளக்கு எரிய எரிய அதனைப் பாராததுபோல் ஓட்டுவதும், அளவு பொருந்தாத பழைய ரயரைப் பூட்டுவதும் செலவைத் தாங்கமுடியாதவன் செய்யும் காரியங்கள். நன்கு பேணப்பட்ட சிறிய கார், பேணப்படாத பெரிய காரினும் நம்பத்தக்கது.

மூன்றாவது நியாயம் நம் நெஞ்சைத் தொடுவது. "முப்பது ஆண்டு இழந்தோம். ஒரு நல்ல வண்டியிலே ஏறி உலாவ நமக்கு உரிமையில்லையா?" இதனை ஏளனம் செய்பவன் வன்னியை அறியாதவன். இங்கே நடமாட்டமே குற்றமாக இருந்த காலமுண்டு. வவுனியா நகரிலே தங்குவதற்குப் பாஸ் எடுத்து, அதனைப் புதுப்பிக்க வரிசையில் நின்றவர்கள் நம்மவர்கள். ஓமந்தைச் சாவடியிலே பொதிகளை அவிழ்த்துக் காட்டிவிட்டு நடந்தவர்கள் நம்மவர்கள். 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டது. 2009 இலே இலட்சக்கணக்கானோர் செட்டிகுளத்து மெனிக் பாம் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டார்கள். அம்முகாம் 2012 செப்ரெம்பரில்தான் மூடப்பட்டது. அவ்வாறு அடைபட்டுக் கிடந்த மக்களுக்குச் சொந்த வண்டி என்பது வெறும் பகட்டாக மட்டும் தோன்றாது; நினைத்த நேரத்தில் நினைத்த இடத்துக்குப் போகும் விடுதலையாகத் தோன்றும்.

இதனை நாம் மதிக்கின்றோம். முற்போக்காளர் துறவு போதிப்பவர் அல்லர். உழைக்கும் மனிதன் நல்ல இருக்கையிலே அமர்ந்து பயணம் செய்யவேண்டும், அவன் பிள்ளை மழையில் நனையாமல் பாடசாலை போகவேண்டும் என்பதே நமது கொள்கை. ஆனால் கேட்கின்றோம்: தவணைக்காரனுக்கு அஞ்சிப் பின் ஒழுங்கையால் வீடு திரும்புபவன் நடமாடும் உரிமை பெற்றவனா? பெற்றோல் செலவுக்கு அஞ்சி வண்டிக்குத் துணி போர்த்திவிட்டு, மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவன் எந்த விடுதலையை வாங்கினான்? சாவடிகள் நீங்கிய வீதியிலே நாம் நமக்கென்று ஒரு சாவடியைக் காசு கொடுத்து வாங்கி நாட்டுகின்றோம்.

நடமாடும் உரிமையைத் தனித்தனியே விலைக்கு வாங்கலாம் என்ற எண்ணமே இக்கேட்டின் வேர். 1958 ஜனவரி 1 ஆம் திகதி இந்நாட்டின் தனியார் பஸ் கம்பனிகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றிற்று. அதனை நிறைவேற்றிய அமைச்சர் மைத்திரிபால சேனநாயக்க, நமக்கு அயலிலுள்ள மதவாச்சித் தொகுதியின் உறுப்பினர். இலாபம் வராத கிராமத்துக்கும் பஸ் போகவேண்டும் என்ற எண்ணத்தை அந்தச் சபை நாட்டில் வேரூன்றச் செய்தது. பின்வந்த காலத்திலே தனியார்மயத்தாலும் புறக்கணிப்பாலும் அது நலிந்தது. 2013 இல் கிளிநொச்சிக்கும் 2014 இல் யாழ்ப்பாணத்துக்கும் புகையிரதம் மீண்டும் ஓடியபோது எத்தனை முதியவர்கள் கண்ணீரோடு ஏறினார்கள்! பொதுப் போக்குவரத்து என்பது மக்களுக்கு எத்தகைய பேறு என்பதை அந்நாட்கள் காட்டின.

இன்று நெடுங்கேணிப் பக்கத்துப் பாடசாலைக்குப் போகும் ஆசிரியை, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் என்ன செய்வாள்? பம்பைமடுவிலுள்ள வவுனியாப் பல்கலைக்கழகத்து மாணவன் நெரிசலிலே தொங்கிச் செல்வது ஏன்? இக்கேள்விகளைக் கேட்கவேண்டியவர்கள் படித்த மத்தியதர வர்க்கத்தினர். அவர்களிடம் பேனா உண்டு, சங்கம் உண்டு, அதிகாரியின் கதவைத் தட்டும் துணிவும் உண்டு. ஆனால் கார் வாங்கியவன் பஸ்ஸுக்காகக் குரல் கொடுப்பதில்லை. அவன் கவலையெல்லாம் தன் வண்டியின் எச்சரிக்கை விளக்கைப் பற்றியதாகிவிடுகிறது. கடன் அவனுடைய காசை மட்டும் தின்னவில்லை, குரலையும் தின்கிறது. தவணை கட்டவேண்டியவன் வேலைநிறுத்தத்துக்கு அஞ்சுவான், இடமாற்றத்துக்கு அஞ்சுவான், மேலதிகாரியின் முகத்துக்கு அஞ்சுவான்.

ஆசிரியத் தோழர்கள் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும். இருபத்துநான்கு ஆண்டுகள் தீராதிருந்த சம்பள முரண்பாட்டுக்கு எதிராக 2021 ஜூலையிலிருந்து ஒக்ரோபர் வரை இணையவழிக் கற்பித்தலை நிறுத்திப் போராடினோம். தெருவில் நின்று பெற்ற அந்த உயர்வைக் கொண்டுபோய் ஒரு கியர்ப்பெட்டிக்கா கொடுப்பது?

அரசாங்கத்தின் நடத்தையும் ஒரு பாடம் தருகிறது. 2025 மே மாதத்திலே ஜனாதிபதி செயலகம் தன்னிடமிருந்த சொகுசு வாகனங்கள் உட்பட 26 வாகனங்களைச் செலவுச் சுருக்கத்தின் பொருட்டு ஏலத்துக்கு விட்டது. வரிவசூலிக்கும் அதிகாரமும் திறைசேரியும் உள்ள ஓர் அரசு, இவற்றை வைத்திருப்பது வீண் என்று கண்டு கைகழுவுகிறது. அரசு கைகழுவியதை மாதச் சம்பளக்காரன் கைநீட்டி வாங்குவது விவேகமாகுமா?

கார் வேண்டாமென்று நாம் கூறவில்லை. நோயாளியுள்ள வீட்டுக்கும், தூரத்துப் பாடசாலையில் கற்பிப்பவருக்கும் அது தேவையாகலாம். வாங்குமுன் சில கணக்குகளைக் காகிதத்தில் எழுதிப் பார்க்கவேண்டும் என்றே கூறுகின்றோம். மூன்று ஆண்டுக்கு எரிபொருள், எண்ணெய், ரயர், காப்புறுதி, வரி, தவணை ஆகியவற்றின் மொத்தம் எவ்வளவு? ஒரு பெரும் பழுதுக்குரிய காசு, கடன்படாமல் கையில் உண்டா? அந்த வண்டியைத் திருத்தக்கூடியவர் வவுனியாவில் எத்தனை பேர்? முன்னைய உரிமையாளன் செய்த பராமரிப்புக்குப் பதிவேடு உண்டா? அவன் ஏன் விற்கிறான்? இக்கேள்விகளுக்கு விற்பவன் சொல்லும் பதிலை எழுதாது, கராஜ்காரர் ஒருவரைக் கூட்டிச்சென்று காட்டி அவர் சொல்லும் பதிலை எழுதவேண்டும். மொத்தத்தைக் கண்ட பின்னரும் குடும்பத்தின் உணவும் கல்வியும் மருந்தும் குறையாதென்றால் வாங்கலாம். குறையுமென்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது நமக்குரிய வண்டி ஆகாது.

மாணவ நண்பர்களுக்கு ஒன்று கூறுவோம். வீதியிலே பளபளக்கும் வண்டியைக் கண்டு அதன் விலையைக் கேட்காதீர்கள். அதனை யார் உழைத்து ஓட்டுகிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் கல்யாணப் பேச்சிலே கார் என்ற சொல் எழுந்தால் எழுந்து நின்று மறுப்புக் கூறுங்கள். ஆசிரியர் சங்கங்களும் மாணவர் ஒன்றியங்களும் ஒன்றுகூடி, மாவட்டத்தின் எந்தப் பாதையில் எத்தனை மணிக்கு பஸ் இல்லை என்பதைக் கணக்கெடுத்து உரியவர்களின் மேசையிலே வைக்கட்டும். பத்து வீடுகள் பத்துச் சொகுசுக் கார்களின் பழுதுக்குக் கொடுக்கும் பணமும் கவலையும் ஊர் முழுவதையும் சுமக்கும் ஒரு பஸ்ஸுக்காகத் திரளுமானால், அன்றே நமது வீதி நமக்குரியதாகும்.